மார்ச்சில் ஹாங்காங் குடிபோகிறோம்: மழை, புயல், ஈரத்துக்கு என்னென்ன தயார் பண்ணணும்?

டோல்கேட்_பஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேலை விஷயமா மார்ச் முதல் வாரம் ஹாங்காங் போறோம். நான், வீட்டுக்காரம்மா, ஒண்ணாம் வகுப்புப் பையன். குறைஞ்சது 2 வருஷம். இப்ப இருக்கறது தண்டையார்பேட்டை. அங்க ஹாங்காங் தீவோட கிழக்குக் கோடியில ஹெங் ஃபா சுவென்ல 400 சதுர அடி வீடு, கடலைப் பார்த்தபடி, ரெண்டாவது மாடி.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதுசில்ல, வர்தா, மிக்ஜாம் எல்லாம் பார்த்த ஊர்தான். ஆனா அங்க எந்த மாசம் எது வரும், நம்ம வழக்கத்துல எது அங்க செல்லாதுன்னு தெரியல. பட்டுப் புடவை, சர்டிஃபிகேட், ஒரு பழைய கேமரா, மிக்ஸி கொண்டுபோறோம். எம்.சி. ரோட்டுல ஸ்வெட்டர் வாங்கிட்டுப் போகவா, அங்க போய் வாங்கவா?

கூண்டு_நம்பர்_3 பதில்:

முதல்ல காலண்டரைத் திருப்பிப் போடுங்க. நமக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான் மழையும் புயலும். அங்க அந்த மூணு மாசம்தான் வருஷத்துலயே நல்ல நாள், காய்ஞ்ச காத்து, தெளிஞ்ச வானம். வருஷ மழை சுமார் 2400 மி.மீ. அதுல ஏறக்குறைய 80 சதவீதம் மே முதல் செப்டம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். சென்னைக்கு மொத்தமே 1400 சுமார்தான். புயல் அதிகமா வர்றது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

அடுத்தது நம்பர். காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் துறைமுகக் கூண்டு நம்பர் மனப்பாடம். அதை அங்க பொருத்திப் பார்த்தா ஏமாந்துடுவீங்க. நம்ம கூண்டு 1லிருந்து 11 வரை, கப்பலுக்காக ஏத்தறது. 1, 2 தூரத்துப் புயல், 11 வந்தா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். ஹாங்காங்ல 1, 3, 8, 9, 10 மட்டும்தான், அது ஊர் மொத்தத்துக்கும். நடுவுல 5, 6, 7 இருந்தது. 1973ல அதையெல்லாம் 8க்குள்ள சேர்த்து, காத்து எந்தத் திசையோ அதை 8 வடமேற்கு, 8 தென்கிழக்குன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதனால 3ல இருந்து நேரா 8க்குத் தாவும். "இன்னும் அஞ்சு படி இருக்கு"ன்னு உட்கார்ந்திருக்காதீங்க.

3ன்னா காத்து மணிக்கு 41-62 கி.மீ., 8ன்னா 63-117, 10ன்னா 118க்கு மேல. 3 ஏத்தினா மழலையர் பள்ளி மூடுவாங்க, உங்க பையன் ஒண்ணாம் வகுப்புன்னா பள்ளி உண்டு. 8 ஏத்தினா எல்லாப் பள்ளியும் லீவு, பெரும்பாலான ஆபீஸும் மூடிடும். 8 ஏத்தறதுக்கு 2 மணி நேரத்துக்குள்ள முன்னறிவிப்பு வரும். அதைக் கேட்டதும் ஊரே ஒரே நேரத்துல வீட்டுக்குக் கிளம்பும். கடையில காய், ரொட்டி அலமாரி காலியாகறதும் அப்பத்தான். அதனால சாமான் வாங்கறதை 3லேயே முடிச்சிடுங்க. ரெண்டு நாள் சாப்பாடும் குடிதண்ணியும் போதும். மிக்ஜாம் மாதிரி வாரக்கணக்குல தண்ணியில நிக்கிற கதை அங்க அபூர்வம்.

உங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு விஷயம். மெட்ரோ ரயில் பெரும்பாலும் சுரங்கம், ஆனா ஹெங் ஃபா சுவென் ஸ்டேஷன் வெட்டவெளியில இருக்கு. 9, 10 ஏத்தினா வெட்டவெளிப் பாதையில ரயிலை நிறுத்திடுவாங்க. ஆபீஸ்ல மாட்டிக்காம 8 முன்னறிவிப்புலேயே கிளம்புங்க. இன்னொண்ணு கடல் பொங்கறது. 2018 செப்டம்பர்ல மங்குட் புயல் வந்தப்ப உங்க குடியிருப்போட கடலோர நடைபாதையைத் தாண்டி அலை உள்ள வந்துச்சு. குவாரி பே அளவுகோல்ல கடல் மட்டம் 3.88 மீட்டர். ரெண்டாவது மாடிக்கு வெள்ளம் வராது, ஆனா கீழ்த்தளத்துல சைக்கிள், பெட்டி எதுவும் போட்டு வைக்காதீங்க. எர்ணாவூர், திருவொற்றியூர் கரையோரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

மழைக்குத் தனி எச்சரிக்கை உண்டு: மணிக்கு 30 மி.மீ. தாண்டினா மஞ்சள், 50 தாண்டினா சிவப்பு, 70 தாண்டினா கறுப்பு. கறுப்புன்னா இருக்கற இடத்தை விட்டு நகராதீங்க. 2023 செப்டம்பர் 7 ராத்திரி ஒரே மணி நேரத்துல 158.1 மி.மீ. பதிவாச்சு, பக்கத்து சாய் வான்லயே வணிக வளாகத்துக்குள்ள தண்ணி. அங்க மலைச்சரிவு ஜாஸ்தி, மழையைவிட மண்சரிவுதான் ஆளை அடிக்கும். சரிவை ஒட்டின குறுக்குப் பாதையில அன்னிக்குப் போகாதீங்க.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமா பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டிடுங்க, உடையாம தாங்கும்.

ஈரக்காத்து பதில்:

கூண்டு அண்ணன் சொன்னதெல்லாம் சரி, கடைசி வரி தவிர. டேப் கண்ணாடிக்குப் பலம் தராது. உடைஞ்சா சிதறாம பிடிச்சுக்கும், அவ்வளவுதான். அங்க ஜன்னல் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி இல்ல, அலுமினியச் சட்டத்தோட ரிவெட்டும் கீலும். உப்புக்காத்துல அரிச்சு, ஜன்னலே கழண்டு கீழ விழும். உங்க குடியிருப்பு 1980கள்ல கட்டினது. குடியேறற அன்னிக்கே ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்க. ஆடினாலோ இறுக்கமா சிக்கினாலோ, வெள்ளைத் தூள் பூத்திருந்தாலோ வீட்டு ஓனர்கிட்ட எழுத்துல சொல்லி மாத்தச் சொல்லுங்க. ஜன்னல் ஏ.சி. பெட்டியைச் சுத்தின இடுக்கும் பாருங்க, புயல் மழை அங்கதான் பக்கவாட்டுல உள்ள அடிக்கும். அன்னிக்குப் பழைய துண்டு நாலு சுருட்டி வெச்சா போதும்.

ஆனா நீங்க போறது மார்ச்ல. உங்களுக்கு முதல் எதிரி புயல் இல்ல, ஈரம். பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் குளிர் கொஞ்சம் விட்டதும் தெக்கத்தி கடல்காத்து சூடா, ஈரமா வரும். சுவரும் தரையும் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சொம்பு வேர்க்குமே, அதே மாதிரி வீடே வேர்க்கும். டைல்ஸ்ல தண்ணி நிக்கும், கண்ணாடி வழியும், துவைச்ச துணி மூணு நாளானாலும் காயாது.

இங்கதான் நம்ம கை தப்பு பண்ணும். புழுக்கம்னா ஜன்னலைத் திற, ஃபேனைப் போடுங்கறது ராயபுரம் வழக்கம். அங்க அந்த நாள்ல ஜன்னலைத் திறந்தா இன்னும் ஈரத்தைக் கூப்பிட்டு உள்ள விடறோம். கடல் பக்க ஜன்னல் எல்லாம் மூடி, ஈரம் உறிஞ்சற மெஷினைப் போடணும். நாளுக்கு 10-12 லிட்டர் இழுக்கற கம்ப்ரசர் மெஷின் 400 சதுர அடிக்குத் தாங்கும். 24 லிட்டர்ன்னு விக்கறது இந்த வீட்டுக்கு வீண்செலவு, இடமும் அடைக்கும். 55-60 சதவீதத்துல வெச்சு, சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி நிறுத்துங்க. ரூம் கதவையும் மூடணும், இல்லாட்டி தெரு ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டே கிடக்கும். தொட்டி பொதுவா 2-3 லிட்டர்தான், ரொம்பினா தானா நின்னுடும். வேலைக்குப் போயிட்டுப் பத்து மணி நேரம் கழிச்சு வந்தா வீடு மறுபடி ஈரம். அதனால பின்னாடி குழாய் மாட்டிக் குளியலறை வடிகாலுக்கு விடற வசதி இருக்கற மெஷினா பாருங்க. ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கழுவுங்க.

அலமாரிக்குள்ள கால்சியம் குளோரைடு டப்பா வைப்பாங்க. நல்லதுதான், ஆனா உப்பு கரைஞ்சு தண்ணியா நிக்கும். அது கவிழ்ந்து தோலிலயோ பட்டிலயோ பட்டா போச்சு. புடவைக்குக் கீழ்த்தட்டுல, தட்டு போட்டு வைங்க. பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் பையில மூடாதீங்க. பருத்தித் துணியில சுத்தி, மாசம் ஒருதரம் மடிப்பை மாத்தணும், இல்லாட்டி மடிப்புலேயே இழை விட்டுடும். கேமராவுக்கு ரப்பர் வளையம் வெச்ச காத்துப்புகாத டப்பா, உள்ள சிலிகா ஜெல், 40-50 சதவீதம் காட்டற சின்ன ஈரமானி. அதுக்கு மேல போனா லென்ஸ்ல பூஞ்சை வலை பின்னும், கீழ ரொம்ப இறங்கினா ரப்பர் பாகம் வறண்டுடும். சர்டிஃபிகேட்டை லேமினேஷன் பண்ணாதீங்க, அதே டப்பாவுல போட்டுடுங்க.

சுவத்துல பூஞ்சை வந்துட்டா ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணி. தடவி 15 நிமிஷம் விட்டுத் துடைக்கணும். கையுறை போட்டு, ஜன்னல் திறந்து. கக்கூஸ் ஆசிட்டோட மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க, குளோரின் புகை கிளம்பும்.

டோல்கேட்_பஸ்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். மெஷினை இங்கயே பாரிமுனையில வாங்கிடலாமா? இட்லி மாவு புளிக்குமா அந்தக் குளிர்ல? கருவாடு?

மாவு_பொங்கல பதில்:

மெஷின் அங்கயே வாங்குங்க, பழுதானா தூக்கிட்டுப் போக ஆள் வேணும்ல. மிக்ஸி கொண்டுபோங்க. அங்கயும் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மூணு சதுரக் காலு. அடாப்டரைவிட பிளக்கையே மாத்தி உள்ள மிக்ஸிக்கு ஏத்த ஃபியூஸ் போடறது உறுதி.

குளிர் ஜனவரியில பொதுவா 14-19 டிகிரி. சில நாள் 10க்குக் கீழ போகும். நமக்கு மார்கழியிலயே 20க்குப் பக்கத்துலதான் நிக்கும். அங்க வீட்டுல சூடேத்தற ஏற்பாடு கிடையாது, சுவரும் தரையும் சில்லுன்னு இருக்கும், அதனால வெளிய விட உள்ளதான் நடுக்கும். எண்ணெய் ஹீட்டர் 1500 வாட் ஒண்ணு வாங்கி, நேரா சுவர்ப் பிளக்குல மாட்டுங்க, எக்ஸ்டென்ஷன்ல வேணாம். எம்.சி. ரோட்டுல பருத்தி உள்பனியன், பையனுக்கு முழுக்கை சட்டை, பைஜாமா வாங்கிக்கங்க. ஜாக்கெட் அங்க ஷாம் ஷுய் போ தெருக்கடையில மலிவு. மார்ச்சுக்கு ஒரு மெல்லிசு ஸ்வெட்டர் போதும்.

மாவு இங்க 8 மணி நேரத்துல பொங்கும், அங்க ஜனவரியில 16-18 மணி நேரம் ஆனாலும் அப்படியே கிடக்கும். உளுந்தைக் கூட ஒரு கால் பங்கு சேர்த்து, வெந்தயம் ஒரு ஸ்பூன் போட்டு, வெதுவெதுப்பான தண்ணியில ஆட்டி, கையால நல்லா கரைங்க. ஓவன் அடுப்பு இருந்தா ஆன் பண்ணாம உள்விளக்கு மட்டும் எரியவிட்டு பாத்திரத்தை உள்ள வைங்க. பாத்திரம் பாதிதான் நிறையணும், ஜூலையில அதே மாவு ஆறு மணி நேரத்துல வழிஞ்சு ஓடும்.

கருவாட்டைச் சுமக்காதீங்க. ஷெங் வான்ல உலர்ந்த கடல்சரக்குக்குன்னே ஒரு தெரு இருக்கு, நெத்திலி ரகமும் கிடைக்கும். வாங்கினதும் ஃப்ரீசர்ல போடுங்க. மிளகாய்த்தூள், அப்பளம் எல்லாம் ஒரு மாசத்துக்கு மேல பிரிச்சு வைக்காதீங்க, பிப்ரவரி வந்தா அப்பளம் சப்பாத்தி மாதிரி வளையும்.