அம்பாசடர் மார்க் 3: கொஞ்ச தூரம் ஓடினதும் பிரேக் இறுகுது, உதவி பண்ணுங்க

பழைய அம்பி:
1978 மாடல், அப்பா வண்டி. பல வருஷம் ஷெட்லயே கிடந்தது. இப்போ மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுறது) புதுசு, வீல் சிலிண்டர் (வீல்ல ஷூவைத் தள்ளுறது) ஆறுக்கும் ரப்பர் கிட், டிரம்முல உரசி நிறுத்துற ஷூவுக்குப் புது லைனிங். வீலுக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸ் மட்டும் பார்க்க நல்லா இருந்ததால மாத்தல. பெடல் மேலேயே கல்லு மாதிரி நிக்குது. ஆனா அஞ்சாறு கிலோமீட்டர் போனதும் வண்டி இழுக்கத் திணறுது, டிரம் தொட முடியாத சூடு. ஆறவிட்டா தானா விடுது. மெக்கானிக் ஷூவை லூஸ் பண்ணிப் பார்த்தார், அப்படியேதான் இருக்கு.

பட்டறைக்காரன்:
எந்த வீல் தம்பி சூடாகுது? எல்லாமா, ஒண்ணு மட்டுமா?

பழைய அம்பி:
நாலுமே அண்ணே. முன் இடது கொஞ்சம் கூடுதல்.

பட்டறைக்காரன்:
நாலும்னா ஷூவை விடு, மாஸ்டரைப் பாரு. உள்ளே ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் அந்த வழியாத்தான் ஆயில் டேங்குக்குத் திரும்பணும். பெடல் கம்பி பிஸ்டனை லேசா அழுத்திக்கிட்டே இருந்தாலும் ரப்பர் கப் அந்தத் துளையை மூடிடும். ஓட ஓட ஆயில் சூட்டுல விரியும், திரும்ப வழியில்லாம ஷூவைத் தள்ளும். ஷூ உரசி இன்னும் சூடு. பெடல் மேலேயே நிக்குதுன்னு சந்தோஷப்படாதே, எனக்குச் சந்தேகமே அங்கதான். கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டராவது சும்மா ஆடணும்.

இறுகி நிக்கும்போதே சோதிச்சுடு. சமதரையில வீலுக்குக் கட்டை கொடுத்துட்டு, மாஸ்டர்ல இருந்து போற பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்து. ஆயில் பீச்சிட்டு வீல் விட்டா மாஸ்டர் பக்கம்தான் கோளாறு. விடாத வீல்ல நிப்பிளை, அதான் ஆயிலை வெளியே விடற சின்னத் திருகை, திற. அப்போ விட்டா அந்த ஹோஸ் உள்ளே ஊதிப்போச்சு. அதுக்கும் விடலையா, சிலிண்டர் பிஸ்டன் சிக்கியிருக்கு, இல்ல ஷூ ஸ்பிரிங் போச்சு. பின் வீலுன்னா ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாரு.

டீசல் மாமா:
கிட் போடறப்போ பெட்ரோல்ல கழுவினாங்களா? பெட்ரோல், இன்ஜின் ஆயில் பட்டா ரப்பர் கப் உப்பி அதே துளையை அடைச்சுடும். அப்படின்னா எல்லா ரப்பரையும் திரும்ப மாத்தணும், வேற வழியில்ல. ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில்லதான் கழுவணும்.

பழைய அம்பி:
ஸ்பிரிட்தான் மாமா, பக்கத்துல நின்னு பார்த்தேன்.
டிரைவர் சீட் முன்னாடி தரைத்தகட்டைக் கழட்டி மாஸ்டரைப் பார்த்தோம். கம்பியில ஆட்டமே இல்ல! கம்பி நட்டைத் திருகி ஆட்டம் வர வெச்சு ஓட்டினோம், மூணு வீல் சாதாரண சூடு. முன் இடது மட்டும் இன்னும் பிடிக்குது. பைப் நட்டைத் தளர்த்தினா விடல, நிப்பிளைத் திறந்ததும் விட்டுடுச்சு.

பட்டறைக்காரன்:
அப்போ ஹோஸ்தான். வெளியே பளபளன்னு இருக்கும், உள்சுவர் உப்பி வழி சுருங்கியிருக்கும். பெடல் அழுத்தம் அதைத் தாண்டிப் போயிடும், திரும்பி வர்ற ஆயிலுக்கு அந்த வேகம் இல்ல. ஒண்ணை மட்டும் மாத்தாதே, முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு எல்லாத்தையும் மாத்து. பிளீடிங்கை, அதான் பைப்ல இருக்கிற காத்தை வெளியேத்தறதை, மாஸ்டருக்குத் தூரமான பின் இடதுல தொடங்கு. பழைய லைனிங் தூசியை ஊதாதே, அஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால துடை.

டீசல் மாமா:
பிரேக் ஆயில் வண்டி பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திடு, இல்லேன்னா பெயின்ட்டை உரிச்சு எடுத்துடும். முன் இடது டிரம்மையும் லேத்துல காட்டு. அத்தனை சூட்டுக்கு நெளிஞ்சிருக்கலாம்.