மறு: ‘கன்சோல் தலைமுறை’ – ஈடு என்று வைத்துக்கொள்ளலாமா?

குழும நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கன்சோல், அதாவது டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டி, பற்றி நாம் எழுதிவரும் கட்டுரையில் ‘கன்சோல் தலைமுறை’ என்றே எழுதலாமா, வேறு சொல் வேண்டுமா என்று பேசும் இந்த இழையை நாலு நாளாக ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். எழுதத் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. கையில் ஒரு சொல் வந்து சேர்ந்தது. நாலு பேரிடம் சொல்லிப் பார்த்து, காதில் நிற்கிறதா என்று தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

முதலில், தலைமுறை ஏன் எனக்கு இடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

> ஒன்பதாம் தலைமுறையில் சோனியின் ஐந்தாம் தலைமுறைக் கன்சோலும் மைக்ரோசாப்டின் நான்காம் தலைமுறைக் கன்சோலும் மோதின.

வரியில் தகவல் பிழை எதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் 5 சோனி வீட்டின் ஐந்தாவது பெட்டி. மைக்ரோசாப்ட் வீட்டில் 2001-இல் எக்ஸ்பாக்ஸ், 2005-இல் 360, 2013-இல் ஒன், 2020-இல் சீரீஸ் எக்ஸும் எஸ்ஸும், ஆக நான்காவது. ஆனால் 1972-இல் மேக்னவாக்ஸ் ஒடிஸி வந்ததிலிருந்து எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் இரண்டையும் ஒன்பதாவது என்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தவருக்கு வரி புரியும். தெரிந்துகொள்ள வந்த பள்ளிப் பிள்ளைக்கு அந்த வரியிலேயே கால் இடறும்.

இங்கே இருப்பது இரண்டு வெவ்வேறு கருத்து. ஒரே வீட்டுக்குள் தகப்பனுக்குப் பிறகு மகன் என்று வருவது ஒன்று. வெவ்வேறு வீட்டுக்காரர்கள் ஒரே காலத்தில் களத்தில் இறக்கி மோதவிடுவது இன்னொன்று. முதலாவதற்குத் தலைமுறை அழகான சொல். அதை யாரும் தொடவேண்டாம். இரண்டாவதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தேவிபட்டினம் ஐயா, “ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை என்று செய்தித்தாளே எழுதுகிறதே” என்று கேட்டிருந்தார். ஐயா, அங்கே அது சரிதான். கைபேசி வலையமைப்பில் உலகம் முழுக்க ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்கு நகர்கிறது. அது ஒரே கொடி, அதில் கணுக் கணுவாக வளர்ச்சி. கன்சோலில் அப்படி ஒரே கொடி கிடையாது. எக்ஸ்பாக்ஸுக்குத் தகப்பன் பெட்டியே இல்லை. ஆறாவது சுற்றில் நேராக வந்து உட்கார்ந்தது. சேகாவின் டிரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானில் அதே சுற்றில் முதலில் இறங்கி, 2001 மார்ச்சில் தயாரிப்பே நின்று, வாரிசு இல்லாமல் போனது. பிளேஸ்டேஷன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் வந்தது, 2006-இல் மகன் வந்த பிறகும் விற்றுக்கொண்டே இருந்து, 2013 தொடக்கத்தில்தான் தயாரிப்பு நின்றது. அந்த வருடக் கடைசியில் பேரனே கடைக்கு வந்துவிட்டான். எது எந்தத் தலைமுறைக் காலம் என்று கோடு கிழிக்க முடியுமா?

சரி, இப்போது என் சொல்லுக்கு வருகிறேன். அது கிடைத்த இடத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில்தான் அதன் பொருள் முழுசாக இருக்கிறது.

2025 ஜூன் முதல் வாரம். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. எங்கள் ஊர் மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. சிலது பெயின்ட் அடித்து, சிலது பலகை மாற்றிக்கொண்டு. படகு போகிற நாளில் எங்கள் அத்தையின் இட்லிக்கடையில் விடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஈடு இறங்கும். தடைக்காலத்தில் நாலு ஈடு போனால் பெரிசு. பெஞ்சில் மூன்று பையன்கள் ஒரே கைபேசியில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் 5-ஆம் தேதி நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளிவரும் செய்தி. கீழக்கரையில் கூட்டாளி ஒருவனுக்குச் சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்க்கிற) மாமா துபாயிலிருந்து கொண்டுவரப் போகிறாராம். ஒருத்தன் சொன்னான்: “பிஎஸ் 5 இப்ப வாங்குனா வேஸ்ட்டுடா. ஆறு வந்துரும்.”

அத்தை கொப்பரை மூடியைத் தூக்கினார். ஆவி அடங்கும் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணியைப் பிடித்துத் தட்டை வெளியே எடுத்து, குழிகளின்மேல் கையால் தண்ணீர் தெளித்தார். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்: புதுசு வரப்போகுது, இது வேண்டாம். “இந்த ஈடு சூடா இருக்கு, தின்னுங்கடா. அடுத்த ஈடு வரும்போது வரும்” என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர்களில் சின்னவன் என்னிடம் திரும்பி, யோசிக்காமலே கேட்டான்: “அப்ப இந்த ஈட்டுல எதுண்ணே நல்லது, பிஎஸ்ஸா எக்ஸ்பாக்ஸா?”

அவன் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அவன் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஈடு. ஒரு தடவை இட்டு, ஒன்றாக வெந்து, ஒன்றாக வெளியே வருவது. இட்லிக்கு மட்டுமா, நெல் அவிக்கும்போதும் ஒரு ஈடு, இரண்டு ஈடு என்றுதான் வீட்டில் எண்ணுவார்கள். ‘இடு’ என்ற வினை முதல் நீண்டு ஈடு ஆகிறது. படு பாடு ஆவதுபோல, சுடு சூடு ஆவதுபோல. வெளியீடு என்ற சொல்லுக்குள்ளே அது ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பொருளும் அதற்கு உண்டு. விசைப்படகுக்கு நாட்டுப்படகு ஈடு கொடுக்க முடியுமா என்று நம் கரையில் கேட்காத நாள் இல்லை. ஈடு என்றால் சமம், எதிர்நிற்கும் வலு. ஒரே சமயத்தில் இறங்கியவை, ஒன்றுக்கொன்று ஈடு கொடுப்பவை. நமக்கு வேண்டிய இரண்டு குணமும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. வேறு எந்த முன்மொழிவிலும் இந்த இரண்டும் சேர்ந்து வரவில்லை.

வரைவு வரியைத் திருத்திப் பார்த்தேன்: “ஒன்பதாம் ஈட்டில் சோனியின் ஐந்தாம் தலைமுறைப் பெட்டியும் மைக்ரோசாப்டின் நான்காம் தலைமுறைப் பெட்டியும் மோதின.” எனக்கு மூச்சு விடமுடிகிறது.

பையனுக்குச் சொன்ன பதிலையும் இங்கே வைக்கிறேன், சொல் நீளமான விளக்கத்தில் தாங்குகிறதா என்று பார்க்க. இந்த ஈட்டில் இரண்டு பெட்டிக்கும் உள்ளே இருக்கிற சில்லு ஏஎம்டி கம்பெனி வடிவமைத்ததுதான், ஒரே குடும்பம். விலையும் ஒன்று: இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸும் 49,990 ரூபாய்க்கு வந்தன. எக்ஸ்பாக்ஸ் 2020 நவம்பர் 10-இலும், பிளேஸ்டேஷன் 2021 பிப்ரவரி 2-இலும். கணக்குப்போடும் வலுவில் எக்ஸ்பாக்ஸ் கொஞ்சம் மேலே, 12 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு எவ்வளவு கணக்குப் போடும் என்ற அளவு), மற்றது 10.28. ஆனால் சேமிப்பகத்திலிருந்து தரவை இழுக்கும் வேகத்தில் பிளேஸ்டேஷன் நொடிக்கு 5.5 ஜிகாபைட், எக்ஸ்பாக்ஸ் 2.4. வன்பொருள் இவ்வளவு நெருங்கிவந்த பிறகு, எந்த ஆட்டம் எந்தப் பெட்டியில் மட்டும் கிடைக்கும் என்பதே சண்டையாகிவிடுகிறது. முந்தைய ஈட்டு ஆட்டங்களைப் புதுப் பெட்டி ஓட்டுமா என்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் வீட்டில் வாங்கி வைத்த ஆட்டங்களைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. பையன் முழுசாகக் கேட்டான். “ஈடு” என்று நான் சொன்ன ஒரு இடத்திலும் அவன் திருப்பிக் கேட்கவில்லை.

ஐந்தாம் ஈட்டைச் சொல்லாமல் விடமுடியவில்லை, ஏனென்றால் ஈடு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சேகா சாட்டர்ன் 1994 நவம்பர் 22-இல் ஜப்பானில் இறங்குகிறது. பதினொரே நாள் கழித்து, டிசம்பர் 3-இல், சோனியின் முதல் பிளேஸ்டேஷன். அந்தச் சோனி யார்? நிண்டெண்டோவோடு சேர்ந்து குறுந்தட்டுப் பெட்டி செய்யப்போன இடத்தில், 1991-இல் கைவிடப்பட்ட கூட்டாளி. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் சேகா மேடை ஏறி, சாட்டர்ன் இன்றே கடையில் கிடைக்கும், விலை 399 டாலர் என்றது. பிறகு சோனி தரப்பில் ஒருவர் மேடைக்கு வந்தார். ஒரே ஒரு எண்ணைச் சொன்னார், 299, இறங்கிப் போய்விட்டார். நிண்டெண்டோ 64 வந்து சேர 1996 ஆகிவிட்டது, அதுவும் குறுந்தட்டு இல்லாமல் பழைய கார்ட்ரிட்ஜோடு. யார் ஈடு கொடுத்தார், யார் கொடுக்கமுடியவில்லை என்று அந்த ஈட்டின் கதையைச் சொல்ல வேறு வினையே தேவைப்படாது.

அதே 1990-களின் கடைசியில் மண்டபத்தில் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தது மூன்றாம் ஈட்டின் நகல் பெட்டி. கேசட்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, திருப்பிச் செருகி, படம் வருகிற வரைக்கும் டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உலகம் ஐந்தாம் ஈட்டில் இருந்தபோது எங்கள் கரை இரண்டு ஈடு பிந்தி இருந்தது. இதையே “இரண்டு தலைமுறை பிந்தி” என்று எழுதிப் பாருங்கள். ஐம்பது அறுபது வருடம் பின்தங்கிய மாதிரி ஒலிக்கும். நடந்தது பத்துப் பன்னிரண்டு வருடம்தான்.

மற்ற முன்மொழிவுகள் பற்றிச் சுருக்கமாக. ‘அலை’ வேண்டாம், கரையில் இருக்கிறவனுக்கு அலையை எண்ண முடியாது என்று தெரியும். ‘பருவம்’ எனக்கும் ஒரு நாள் பிடித்திருந்தது. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கடலுக்கு மாறுகிற ஆட்கள் நாம். ஆனால் பருவம் திரும்பத் திரும்ப வரும். போன வாடையே மறுபடியும் வரும். மூன்றாம் ஈடு திரும்பி வராது. ‘சுற்று’ வலுவான சொல், மேலே நானே இரண்டு இடத்தில் என்னையறியாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் இது வன்பொருள் கட்டுரை. நாலாம் பத்தியில் மின்சுற்று, ஆறாம் பத்தியில் ஒருங்கிணைந்த சுற்று என்று வரும்போது எட்டாம் சுற்று எது என்று குழம்பும்.

கீழக்கரைத் தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டிருந்தார்:

> எந்தச் சொல் வைத்தாலும் ஸ்விட்ச் எதில் சேரும்ணே? அது பாதி அங்கயும் பாதி இங்கயும் நிக்குதே.

உண்மைதான் தம்பி. எட்டாம் ஈட்டில் நிண்டெண்டோ முதலில் இறக்கியது வீ யு, 2012-இல். அது மொத்தமே 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான் விற்றது. அதற்கு முந்தைய வீ 10 கோடியைத் தாண்டிய பெட்டி. அவ்வளவு பெரிய சரிவுக்குப் பிறகு காத்திருக்க முடியாமல் 2017 மார்ச் 3-இல் ஸ்விட்ச்சை இறக்கினார்கள். அது 15 கோடிக்கு மேல் விற்று, பிளேஸ்டேஷன் 4-ஓடும் மோதியது, 5-ஓடும் மோதியது. இதை நான் அத்தையிடமே கேட்டேன், பெட்டி என்று சொல்லாமல் தட்டு என்று சொல்லி: நடுவில் ஒரு தட்டு சரியில்லை என்று எடுத்துவிட்டு வேறு தட்டு வைத்தால், அது அடுத்த ஈடு இறக்கும்வரை உள்ளேயே இருந்தால், எந்தக் கணக்கு? அவர் யோசிக்கவே இல்லை. “எந்த ஈட்டுல ஏத்துனமோ அந்த ஈடுதான். எறக்குறத வச்சா கணக்குப் பாப்பாக?”

இதையே விதியாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டி கடைக்கு வந்த காலத்தில் களத்தில் எந்த ஈடோ, அந்த ஈடு. விற்பனை எப்போது நின்றது என்பது கணக்கில் வராது. ஸ்விட்ச் எட்டாம் ஈடு. பிளேஸ்டேஷன் 2, 2013 வரை ஓடினாலும், ஆறாம் ஈடு. ஸ்விட்ச் 2 ஒன்பதாம் ஈட்டில் சேரும்.

பொருள் மயக்கம் பற்றிப் பெரியவர்கள் இருவர் எச்சரித்திருந்தார்கள். ஈடு என்றால் அடகும்தான். வைணவர்களுக்கு அது உரையின் பெயர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணோடு சேர்ந்து வரும்போது, ஒன்பதாம் ஈடு, போன ஈடு, அடுத்த ஈடு என்றால், தமிழ்க் காதுக்கு அடகு நினைவு வராது. கூட்டுச்சொல் செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். 2016-இன் பிளேஸ்டேஷன் 4 ப்ரோ, 2024-இன் 5 ப்ரோ மாதிரி நடுவில் வருகிற மேம்பட்ட பெட்டியை ‘இடையீடு’ என்று எழுதிவிடக்கூடாது. அதற்கு வேறு பொருள் இருக்கிறது. ‘நடு ஈட்டுப் பெட்டி’ என்று பிரித்தே எழுதுவோம். ‘ஈட்டுப் போட்டி’, ‘ஈடு மாறும் காலம்’ இரண்டும் தடையில்லாமல் வருகின்றன.

கன்சோலுக்கு ஆட்டப்பெட்டி என்று போன வாரம் பெரும்பாலோர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். அடைப்பில் கன்சோல் என்று முதல் தடவை மட்டும் போட்டால் போதும்.

வரைவில் தலைமுறை வரும் முப்பத்தொரு இடத்தையும் பார்த்துவிட்டேன். பத்தொன்பது இடத்தில் ஈடு என்று மாற்றி, ஒரு கம்பெனியின் வரிசையைச் சொல்லும் பன்னிரண்டு இடத்தில் தலைமுறையை அப்படியே விட்டிருக்கிறேன். திருத்திய வரைவை இத்தோடு அனுப்புகிறேன். ஏழாம் ஈட்டுப் பகுதியில், நீலக்கதிர் (புளூ-ரே) வட்டுக்காகச் சோனி 599 டாலர் வரை விலை வைத்த இடத்தில், என் வாக்கியம் நீண்டுவிட்டது. தேவிபட்டினம் ஐயா அதை மட்டும் ஒரு கண் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து