புதுச்சேரி தமிழர் பகுதியில் பழைய வீடு: மட்டப்பா ஒழுகுகிறது, விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

கேட்டவர்: முற்றத்துவீடு

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், தாத்தா காலத்து வீடு ஒன்று எனக்கும் என் அண்ணனுக்கும் பொதுவில் இருக்கிறது. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம், முன்கட்டுக்கு மேல் மட்டப்பா என்னும் தட்டைக் கூரை என்று அந்தத் தெருவின் பழைய வீடுகளுக்குரிய அமைப்பு அப்படியே இருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் முன் அறைக்கூரை ஒழுகத் தொடங்கியது. தேக்கு உத்திரம் ஒன்று சுவருக்குள் நுழையும் இடத்தில் மக்கிவிட்டது. திருப்புளியை வைத்து அழுத்தினால் இரண்டு அங்குலம் உள்ளே இறங்குகிறது.

பார்க்க வந்த பொறியாளர், முன்கட்டை முழுவதுமாக இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டு, தெருப்பக்கம் ஷட்டர் வைத்துக் கடை விடலாம் என்று வரைபடம் தயாரித்தார். அதை விண்ணப்பத்துடன் கொடுத்தோம். வீடு பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால் அதற்கான குழுவின் கருத்து இல்லாமல் பரிசீலிக்க இயலாது என்ற குறிப்புடன் அது திரும்பி வந்துவிட்டது. வீடு பட்டியலில் இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

ஒழுகும் கூரையைச் சரிசெய்வதற்குக்கூட அனுமதி வேண்டுமா? பாரிஸில் இருக்கும் அண்ணனின் கையெழுத்துக்கு என்ன வழி? இப்போது ஆடி மாதம். ஐப்பசிக்குள் கூரை மூடப்பட்டாக வேண்டும்.

பதில்: சுண்ணாம்புக்காளவாய்

அம்மா, உங்கள் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் கூரை அன்று, அந்த வரைபடம். முகப்பை இடித்து ஷட்டர் வைப்பதாகக் கேட்டால் எந்தக் குழுவும் தயங்கத்தான் செய்யும். அதே வீட்டுக்கு, முகப்பில் மாற்றமில்லை, மக்கிய உத்திரத்தை மாற்றி மட்டப்பாவைப் பழைய முறையிலேயே பழுதுபார்க்கிறோம் என்று விண்ணப்பித்தால் அது வேறு விண்ணப்பம். ஆகவே இடிப்பு, மறுகட்டுமானம் என்ற சொற்களை எடுத்துவிட்டு, பழுதுபார்ப்பு என்று தலைப்பிட்டுப் புதிதாகக் கொடுங்கள். பழுதுக்கு அனுமதி வேண்டியதில்லை என்று யாராவது வாய்வழியாகச் சொன்னாலும் அதை எழுத்தில் வாங்காமல் ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள்.

நடைமுறை இதுதான். கட்டட அனுமதி நகர அமைப்புக் குழுமத்திடம் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடம் என்றால் மாநில அளவிலான பாரம்பரியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் கருத்து கேட்கப்படுகிறது. அந்தக் குழு உங்கள் வீட்டைக் காகிதத்தில்தான் முதலில் பார்க்கும் என்பதால், இப்போதுள்ள நிலையைக் காட்டும் அளவு வரைபடம் ஒன்றும், முகப்பு, தாழ்வாரத் தூண், கதவு, சன்னல், முற்றம், மக்கிய உத்திரம் ஆகியவற்றின் புகைப்படங்களும் இணைத்துவிடுங்கள். பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் புதுச்சேரி அலுவலகத்தில் இப்படிப்பட்ட வீடுகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்ட கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பிப்பதற்கு முன்பே அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. உங்கள் பத்திரத்தின் எல்லைக்குள் தாழ்வாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், அதை ஒருமுறை பிரித்தபின் மீண்டும் அதே இடத்தில் நிறுத்த உரிமை கேட்பது பெரும்பாடு. தூண் ஆடினாலும் நிற்கும் நிலையிலேயே முட்டுக்கொடுத்துப் பழுதுபாருங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் செலவு யாருடையது? வீட்டு வரி நாம் கட்டுகிறோம், ஒழுகும் கூரைக்குக் கீழே நாம் படுக்கிறோம், அழகு மட்டும் ஊருக்குச் சொந்தம் என்றால் அது என்ன நியாயம்? 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடமே இடிந்து விழுந்தது. அது அரசின் கையில் இருந்த கட்டடம். தன் கூரையைக் காக்க முடியாதவர்கள் என் கூரைக்கு விதி எழுதுவதை நான் எளிதில் ஏற்பதற்கில்லை.

பதில்: சுண்ணாம்புக்காளவாய்

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. பட்டியலில் சேர்ப்பது எளிது, பராமரிப்புக்குப் பணம் தருவது அரிது. 1990-களின் நடுவில் ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்ட ஊரில் இன்று மிஞ்சியிருப்பது அதில் பாதிக்கும் குறைவு. வைசியாள் தெருவை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தந்த ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்க, அங்கே வரிசையாக முகப்புகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன; 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பணமும் விதியும் சேர்ந்து வந்ததால் அந்தத் தெருக்காரர்கள் ஒத்துழைத்தார்கள். விதி மட்டும் வந்தால் உங்களைப்போல்தான் பேசுவார்கள், அதில் தவறில்லை. என்றாலும் இந்த அம்மாவுக்குக் கான்கிரீட்டைவிடப் பழுதுபார்ப்பு செலவு குறைவாகவே முடியும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் கெட்டிருப்பது ஒரே ஒரு உத்திரம்.

பதில்: நோட்டரி வாசல்

அண்ணனின் கையெழுத்து குறித்து. வீட்டுப் பழுது, அனுமதி, அலுவலகங்களில் கையெழுத்திடுவது ஆகியவற்றுக்கு மட்டும் உங்களுக்கு அதிகாரம் தரும் அதிகாரப் பத்திரத்தை அவர் பாரிஸிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான், எனவே உறையின் மேல் தபால் முத்திரை விழுந்த தேதி தெரியும்படி வைத்திருங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். அண்ணனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் வழக்கு வராது.

கேட்டவர்: முற்றத்துவீடு

மிக்க நன்றி. பழுதுபார்ப்பு என்ற தலைப்பில் புதிய விண்ணப்பம் தயாராகிறது, பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன். தாழ்வாரம் எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது, நல்லவேளை கை வைக்கவில்லை. அளவெடுக்கும்போது இன்னொன்று தெரியவந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் முன்சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்டுப் பூச்சுப் போட்டிருக்கிறார்கள். அது இப்போது தட்டினால் டொக்கென்று ஒலிக்கிறது, சில இடங்களில் பலகைபோல் பெயர்ந்து வருகிறது, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மட்டப்பாவின் மேலும் மூன்று நான்கு அடுக்குக் கலவை ஏறியிருக்கிறது. இவற்றையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

பதில்: சுண்ணாம்புக்காளவாய்

கட்டாயம் சேருங்கள். பழைய சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்டை மெதுவாக உளியால் எடுத்துவிட்டுச் சுவரை உலர விடுங்கள். பிறகு நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் இரண்டரைப் பங்கு என்ற கலவையை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரம் காட்டிக் காயவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் கலப்பது பழைய கொத்தர்களின் பழக்கம். தெரிந்தவர் கையில் அது நல்லது, தெரியாதவர் கையில் எறும்புக்கு விருந்து.

மட்டப்பாவுக்கு வருவோம். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சுண்ணாம்பில் செங்குத்தாக நிறுத்திய சிறு செங்கல், பிறகு செங்கல் சல்லிச் சுண்ணாம்புக் கலவை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு, அடுக்கு இதுதான். ஒழுகும்போதெல்லாம் அதன்மேல் ஒரு பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போனதால் உங்கள் உத்திரம் தேவையில்லாத சுமையைத் தாங்குகிறது. மேல் அடுக்குகளை எடுத்துவிட்டாலே பாதி நோய் தீரும். மக்கிய முனையை மட்டும் அறுத்து, பழைய தேக்கை ஒட்டிச் சேர்த்து, சுவருக்குள் போகும் பகுதியைச் சுற்றிக் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லுங்கள். கலவையை வைத்து அடைத்துவிட்டால் மறுபடியும் அதே இடம் மக்கும். அறுப்பதற்கு முன் அந்த அறையில் இரும்புக் குழாய் முட்டுகள் நிற்கட்டும், யாரும் கீழே படுக்க வேண்டாம்.

அனுமதி ஐப்பசிக்கு முன் வராமல் போனால், மட்டப்பாவின் மேல் தார்ப்பாயைக் கட்டி அதன் ஓரத்தைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்பக்கம் மடித்துவிட்டால் தண்ணீர் முழுவதும் முற்றத்துக்குப் பதில் முன் அறைக்குத்தான் வரும்.