புதிய குறைகடத்திப் பொருளா, சிலிக்கான் சுற்றா? ஆய்வு மாணவர் எந்தப் பக்கம் போகலாம்?

சுற்றுவாணன்:
மின்பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். புதிய பொருளைத் தேடிப் போகாதீர்கள், சுற்று வடிவமைப்புக்கு வாருங்கள்.

கிராஃபீனை எடுத்துக்கொள்வோம், ஓர் அணு தடிமனுள்ள கார்பன் அடுக்கு. 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெய்மும் நோவோசெலோவும் அதைத் தனி அடுக்காகப் பிரித்துக் காட்டினார்கள். 2010-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இயற்பியலில் அது பெரிய சாதனை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அடுக்குக்கு ஆற்றல் இடைவெளி, அதாவது மின்சாரம் கடத்த எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் வேலி, கிடையாது. இடைவெளி இல்லாத பொருளில் டிரான்சிஸ்டர் செய்தால் அது முழுதாக அணையாது. அணையாத சுவிட்சை வைத்து டிஜிட்டல் சுற்று கட்ட முடியாது. இது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் எத்தனை மாணவர்களின் உழைப்பு கிராஃபீன் லாஜிக் (டிஜிட்டல் கணக்குச் சுற்று) டிரான்சிஸ்டரில் போனது!

இன்னொன்று. சிப்பில் மின்சாரம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் ஒரு கணக்குக் கொடுத்தார். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் மிதவைப் புள்ளி எண்களைக் கூட்டச் சுமார் 0.9 பிகோஜூல். 32 பிட் தரவை வெளியே இருக்கும் டிராம் நினைவகத்திலிருந்து எடுத்து வரச் சுமார் 640 பிகோஜூல். கணக்குப் போடுவதைவிட எண்ணைக் கொண்டுவருவதற்கு எழுநூறு மடங்கு செலவு. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் பாயும் சேனலுக்குள் எந்தப் பொருளை வைத்தாலும் இந்த 640 அசையாது. கட்டமைப்பும் சுற்றும்தான் அதை அசைக்கும்.

படிகமணி:
தோற்றுப்போன உதாரணத்தை நீங்களே பொறுக்கி எடுத்துவிட்டுப் பொருள் ஆய்வே வேண்டாம் என்றால் எப்படி? காலியம் நைட்ரைடைப் பற்றி ஏன் பேசவில்லை?

1980-களில் நீல ஒளி தரும் டையோடுக்காக வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் துத்தநாக செலினைடின் பக்கம் இருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. காலியம் ஆர்சனைடு அடித்தளத்தின் மேல் அதன் அணிக்கோவை (அணுக்களின் வரிசை) கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். காலியம் நைட்ரைடை வளர்க்கக் கிடைத்ததோ நீலக்கல் அடித்தளம், பொருத்தமின்மை சுமார் 16 சதவீதம். படலம் விரிசலும் மேடுபள்ளமுமாக வரும். பி வகை டோப்பிங்கும் (எலெக்ட்ரான் இல்லாத இடங்களான துளைகள் மின்சாரம் கடத்தும்படி வேற்றணு கலப்பது) வரவே வராது என்று பலர் கைவிட்டிருந்தார்கள்.

நகோயா பல்கலைக்கழகத்தில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் விடவில்லை. 1986-இல், குறைந்த வெப்பநிலையில் ஒரு மெல்லிய அலுமினியம் நைட்ரைடு இடையடுக்கை வைத்து, அதன் மேல் நல்ல படிகத்தை வளர்த்தார்கள். 1989-இல், மக்னீசியம் கலந்த படலத்தின் மீது எலெக்ட்ரான் கற்றை பட்டதும் அது பி வகையாக மாறியதைக் கண்டார்கள். நிச்சியா நிறுவனத்தில் இருந்த நகமுரா, வெறுமனே சூடாக்கினாலே போதும் என்று பிறகு காட்டினார். மக்னீசியத்தோடு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைத்திருந்ததுதான் காரணம். 1993-இல் பிரகாசமான நீல டையோடு வந்தது. 2014-இல் மூவருக்கும் நோபல். இன்று வெள்ளை எல்இடி விளக்கும், கையடக்க வேகச் சார்ஜரும் இந்தப் பொருளால்தான் இருக்கின்றன.

சிலிக்கான் கார்பைடும் அப்படியே. அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட அடுக்கு வகைகள் உண்டு. வளர்க்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மட்சுனாமியின் குழு 1987-இல் அடித்தளத்தைச் சில டிகிரி சாய்த்து வெட்டி, மேற்பரப்பில் அணுப் படிக்கட்டுகளை உண்டாக்கி, அதன் மேல் ஒரே வகையை வளர்த்தது. அந்தப் பொருளில் செய்த மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் சந்தைக்கு வந்தது 2010 வாக்கில். இவ்வளவு காலம் எந்த நிறுவனம் காத்திருக்கும்? பல்கலைக்கழகம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

சுற்றுவாணன்:
நீங்கள் சொன்ன இரண்டு பொருளும் வென்ற இடத்தைக் கவனியுங்கள். ஒன்று ஒளி, இன்னொன்று உயர் மின்னழுத்தம். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி மறைமுகமானது, அதிலிருந்து நல்ல ஒளி வராது. அது தாங்கும் மின்புலமும் சென்டிமீட்டருக்கு மூன்று லட்சம் வோல்ட் அளவில் நின்றுவிடும். சிலிக்கான் கார்பைடோ அதைப்போல எட்டு, பத்து மடங்கு தாங்கும். சிலிக்கான் போகவே முடியாத இடங்களில் வேறு பொருள் வென்றது. நான் பேசுவது லாஜிக்கைப் பற்றி.

அப்புறம், வென்ற கதைகள்தான் நம் நினைவில் இருக்கின்றன. மாணவர் ஐந்தாறு ஆண்டுகளில் பட்டம் வாங்கிப் போக வேண்டும். இருபது ஆண்டுப் பந்தயத்தின் நடுவே ஒரு துண்டை அவர் தலையில் கட்டுவது நியாயமா?

பழைய பொருளில் சுற்று மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். மின்தேக்கிகளுக்குள் மின்னூட்டத்தைப் பங்கிட்டு அனலாகை டிஜிட்டலாக்கும் முறையை 1975-இல் பெர்க்லியில் மெக்கிரியரியும் கிரேயும் வெளியிட்டார்கள். 2008-இல் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு அதே அடிப்படையில், 65 நானோமீட்டர் சாதாரணச் சிலிக்கானில், ஒரு மாற்றப் படிக்கு 4.4 ஃபெம்டோஜூல் (பிகோஜூலின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோஜூல்) என்ற அளவுக்கு இறக்கியது. சுற்று மொத்தமாக எடுத்துக்கொண்டது 1.9 மைக்ரோவாட். புதிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

படிகமணி:
அந்தச் சாதனை மதிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் எத்தனை பேர் குறிப்பு மின்னழுத்தம் தரும் பஃபர் சுற்றின் மின்செலவைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? அதை வெளியே வைத்துவிட்டு, உள்ளே இருப்பதற்கு மட்டும் ஃபெம்டோஜூல் கணக்குப் போடுவது உங்கள் துறையில் நடக்கிறதா இல்லையா?

கார்த்திகா:
நான் டிரான்சிஸ்டர்களை அளப்பவள். பொருள் வளர்ப்பதும் இல்லை, சுற்று வரைவதும் இல்லை. நீங்கள் இருவரும் அளவீட்டைத் தாண்டிப் போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

புதிய பொருளில் செய்த டிரான்சிஸ்டரின் மொபிலிட்டியை (எலெக்ட்ரான் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவை) எப்படிக் கணக்கிடுகிறார்கள்? டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டின் மின்னழுத்தத்தைக் கூட்டும்போது மின்னோட்டம் ஏறும் சரிவிலிருந்து. இதில் ஒரு பொறி இருக்கிறது. உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடத்திலுள்ள தடையும் கேட் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறும். ஒரு குறுகிய வரம்பில் அந்தத் தொடுதடை திடீரென்று விழுந்தால் மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். அந்தச் சரிவை எடுத்துக் கணக்குப் போட்டால் பொருளின் மொபிலிட்டி பல மடங்கு பெரிதாகத் தெரியும். பொருள் மாறியிருக்காது, தொடுபகுதிதான் வழிவிட்டிருக்கும். கரிமக் குறைகடத்திகளில் இப்படிப் பெருத்த எண்கள் நிறையவே வெளிவந்தன. நான்கு முனை அளவீடோ, வெவ்வேறு சேனல் நீளங்களில் அளந்த வரிசையோ இல்லாத மொபிலிட்டியை நான் நம்புவதில்லை.

இரண்டாவது, இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடைமுகம். சிலிக்கான் வென்றது மொபிலிட்டியால் இல்லை, ஜெர்மேனியம் அதைவிட வேகம். சிலிக்கானுக்குத் தன்மேலேயே வளரும் ஒரு நல்ல ஆக்சைடு வாய்த்தது. பெல் ஆய்வகத்தில் அட்டாலாவும் காங்கும் செய்த மாஸ் டிரான்சிஸ்டர் அதன் மேல்தான் நிற்கிறது. சிலிக்கான் கார்பைடின் மேலும் அதே ஆக்சைடு வளரும், ஆனால் இடைமுகம் மோசம். படிகத்துக்குள் ஆயிரத்தை நெருங்கும் மொபிலிட்டி, சேனலில் ஒற்றை இலக்கத்துக்கு விழுந்துவிடும். ஆபர்ன், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழுக்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவில் சூடாக்கி இடைமுகத்தில் எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பொறிநிலைகளைக் குறைத்துக் காட்டின, 2001 வாக்கில். அதனால் சேனல் மொபிலிட்டி சில பத்துகளுக்கு ஏறியது. மட்சுனாமியின் வேலைக்கும் சந்தைக்கும் நடுவே இந்த வேலை இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நிலா_ஆய்வு:
வணக்கம். நான் இயற்பியலில் முதுகலை முடித்தவள், ஆய்வுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பேராசிரியர் காலியம் ஆக்சைடில் சேரச் சொல்கிறார். இந்தச் சண்டையில் அது எந்தப் பக்கம்?

படிகமணி:
நல்ல கேள்வி. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 4.8 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கானுக்கு 1.12, காலியம் நைட்ரைடுக்கு 3.4. பவர் டிரான்சிஸ்டரின் தடையைக் கணிக்கும் பாலிகாவின் தகுதி எண்ணில், பொருள் தாங்கும் உச்ச மின்புலம் மும்மடியாக (இரண்டு மடங்கானால் எட்டு மடங்காக) வரும். இடைவெளி கூடக் கூடத் தாங்கும் மின்புலமும் கூடும், அதனால் ஆதாயம் பன்மடங்காகும். இன்னொரு பெரிய வசதி, இதை உருக்கி, உருகலிலிருந்தே படிகமாக இழுக்கலாம். சிலிக்கான் கார்பைடில் அது நடக்காது, ஆவியிலிருந்துதான் மெதுவாக வளர்க்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வெப்பக் கடத்தல் திசையைப் பொறுத்து மீட்டர் கெல்வினுக்கு 10 முதல் 27 வாட்தான். சிலிக்கானுக்குச் சுமார் 150. பி வகையும் வராது, ஏனென்றால் துளை உண்டானவுடன் அணிக்கோவையைத் தன்னைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு அங்கேயே சிக்கிவிடும்.

சுற்றுவாணன்:
இது கிராஃபீன் கதையேதான்! பவர் டிரான்சிஸ்டரின் வேலையே சூட்டைத் தாங்குவது. சூட்டைக் கடத்தாத பொருளை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

படிகமணி:
இல்லை, இரண்டும் ஒன்றாகாது. இடைவெளி இல்லாததை வடிவமைப்பால் ஈடுகட்ட முடியாது. வெப்பத்தை ஈடுகட்ட வழி உண்டு: அடித்தளத்தைத் தேய்த்து மெல்லியதாக்கலாம், நன்றாகக் கடத்தும் வேறொரு பொருளோடு ஒட்டலாம், சிப்பை மேற்பக்கத்திலிருந்தும் குளிர்விக்கலாம். பி வகைக்குப் பதிலாக நிக்கல் ஆக்சைடை வைத்துச் சந்தி செய்கிறார்கள். இவையெல்லாம் கடினமானவை, ஆனால் திறந்திருக்கும் கேள்விகள். நிலா, அந்த ஆய்வகத்தில் வெப்பத்தை யார் அளக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் சேர வேண்டாம்.

மூத்த பொறியாளர்:
நீங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. இன்று பெரும்பாலோர் கைப்பேசியில் இருக்கும் ஃபின்ஃபெட் டிரான்சிஸ்டர், பெர்க்லியில் செண்மிங் ஹூ குழு 1990-களின் கடைசியில் செய்தது. அதே சிலிக்கான்தான், அதைத் துடுப்பாக நிமிர்த்தி மூன்று பக்கமும் கேட்டைச் சுற்றினார்கள். இன்டெல் 2011-இல் 22 நானோமீட்டரில் அதை அறிவித்தது. அதே பெர்க்லிதான் டிரான்சிஸ்டரைச் சுற்றுக்காரர் பயன்படுத்தும் சமன்பாடுகளாக்கிய பிசிம் மாதிரியையும் தந்தது, 1970-களில் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் நிரலையும் தந்தது. இதைப் பொருள் என்பீர்களா, சுற்று என்பீர்களா?

காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரைச் சும்மா வாங்கிப் பழைய போர்டில் போட்டால் வெடிக்கும். நானோவிநாடிக்கு நூறு வோல்ட் வேகத்தில் அது மாறும். அது திறக்கத் தொடங்கும் தொடக்க மின்னழுத்தம் 1.5 வோல்ட் அளவு, கேட் தாங்குவது ஏழு வோல்ட் அளவு. சில நானோஹென்றி கம்பி வளையமே அதைத் தவறாகத் திறந்துவிடும். அதற்கென்றே கேட்டை இயக்கும் டிரைவர் சுற்றும் போர்டும் வரைந்தவர்களால்தான் படிகமணி சொன்ன சார்ஜர் வந்தது.

படிகமணி:
ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் சுற்றுவாணன் முதலில் வைத்த 640 பிகோஜூலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அதையும் பொருளால் அசைக்க முடியும்.

எண் தொலைவிலிருந்து வருவதால்தான் செலவு. நினைவகத்தைக் கணக்குச் சுற்றின் மேலேயே அடுக்கினால் தொலைவு போய்விடும். ஆனால் உலோக இணைப்புகள் போட்டு முடித்த சிப் சுமார் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. அந்தச் சூட்டில் நல்ல சிலிக்கான் படிகம் வளராது. இண்டியம் காலியம் துத்தநாக ஆக்சைடு, படிகமாக இல்லாமலே வேலை செய்யும். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹோசோனோ குழு 2004-இல் அதில் டிரான்சிஸ்டர் செய்தது, இப்போது திரைகளில் இருக்கிறது. இடைவெளி 3 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், அதனால் அணைந்த நிலையில் கசிவு மிக மிகக் குறைவு. டிராமுக்கு 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பு தேவை. இந்த ஆக்சைடில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர் நினைவகச் செல், மின்தேக்கியே இல்லாமல் பல நூறு விநாடிகள் வரை தரவை வைத்திருந்ததாகக் கட்டுரைகள் வந்துவிட்டன. சேனலில் என்ன பொருள் என்பது 640-ஐத் தொடாது என்று இனியும் சொல்வீர்களா?

சுற்றுவாணன்:
அடுக்கு நினைவகத்துக்கு இது பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் ஒரு செல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். பத்து லட்சம் செல் கொண்ட அணியில் மிக மோசமான செல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய எண். புதுப்பிப்பு இடைவெளியை அதுதான் தீர்மானிக்கும், சராசரி இல்லை. தொடக்க மின்னழுத்தம் செல்லுக்குச் செல் சிதறினால் செல்லைப் படிக்கும் உணர் பெருக்கியின் பரப்பு ஊதிவிடும். அந்தச் சிதறல் படத்தைப் பொருள் குழுக்கள் அபூர்வமாகத்தான் போடுகின்றன.

கார்த்திகா:
அதில் ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலியம் நைட்ரைடில் மக்னீசியத்தை முடக்கிய அதே ஹைட்ரஜன் இங்கே எலெக்ட்ரானைக் கொடுத்துத் தொடக்க மின்னழுத்தத்தை எதிர்மறைப் பக்கம் தள்ளும். மேலே போடும் மின்காப்பு அடுக்குகளிலிருந்தே அது கசிந்து வரும். அறை வெப்பநிலையில் அளந்த தக்கவைப்பு நேரம் எனக்குப் போதாது. 85 டிகிரியில், கேட்டில் மின்னழுத்தம் வைத்தபடி, வாரக்கணக்கில் அளக்க வேண்டும்.

நிலா_ஆய்வு:
அப்படி அளக்கும் வேலை முனைவர் பட்டத்துக்குப் போதுமா? "புதிதாக என்ன செய்தாய்" என்று கேட்டால்?

கார்த்திகா:
போதும். தொடக்க மின்னழுத்தம் எந்தக் குறையால் நகர்கிறது என்று கண்டுபிடித்து, அதை ஒரு மாதிரியாக எழுதி, சுற்றுவாணன் போன்றவர் ஸ்பைஸில் போட்டுப் பார்க்கும்படி கொடுத்தால் அது முழு ஆய்வேடு.

சுற்றுவாணன்:
அப்படி ஒரு மாதிரி கிடைத்தால் நான் அணியை வரைந்து தருகிறேன். அதுவரை லாஜிக்குக்குப் புதுப்பொருள் தேடும் ஆய்வகத்துக்கு என் மாணவரை அனுப்ப மாட்டேன்.

படிகமணி:
சிலிக்கான் சேனல் 3 நானோமீட்டருக்குக் கீழே மெலிந்தால் மேற்பரப்பு மேடுபள்ளமே மொபிலிட்டியைத் தின்றுவிடும். மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓர் அடுக்கு 0.65 நானோமீட்டர். 2011-இல் லோசானில் கிஸ் குழு செய்த டிரான்சிஸ்டர் பத்துக் கோடி மடங்கு அணைந்தது. உங்கள் கிராஃபீன் குறை இதில் இல்லை. 2025-இல் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு இதே பொருளில் சுமார் 5,900 டிரான்சிஸ்டர் கொண்ட 32 பிட் செயலியை இயக்கிக் காட்டியது. லாஜிக்கிலும் கதவு மூடவில்லை.

சுற்றுவாணன்:
அதன் கடிகார வேகம் கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. தொடுதடையை உண்மையிலேயே குறைத்துக் காட்டிய கட்டுரையோடு வாருங்கள், இதே இழையில் தொடர்வோம்.