வந்தே பாரத்ல மாடு அடிபட்டப்போ உள்ள இருந்தவங்க யாராவது இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

சூரத்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். சூரத்துல ஜவுளி லைன்ல இருக்கேன், அகமதாபாத்துக்கு அடிக்கடி போகணும். இந்த மும்பை - காந்திநகர் வண்டிய 2022 செப்டம்பர் 30 கொடியசைச்சு விட்டாங்க, ஒரு வாரம் ஆகல, அக்டோபர் 6 வட்வா - மணிநகர் நடுவுல எருமைக் கூட்டத்துல மோதி மூக்கு பேந்து போச்சு. மறுநாளே ஆனந்த் பக்கம் ஒரு பசு, மாசக் கடைசில அதுல் ஸ்டேஷன்கிட்ட இன்னொரு மாடு. வாட்ஸ்அப்ல "பிளாஸ்டிக் ரயில்"னு ஓட்டி எடுத்தாங்க, ஞாபகம் இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் நான் போன வண்டிலயும் இது நடந்துச்சு. முன்னாடி பெட்டிலதான் உக்காந்திருந்தேன், சினிமால காட்டற மாதிரி யாரும் தூக்கி எறியப்படலங்க, முதல்ல காலுக்கு அடில தட்டுனு ஒரு சத்தம், அப்புறம் தரைக்குக் கீழ ஜல்லி வந்து வந்து அடிக்கிற மாதிரி கடகடகடனு பின்னாடி பெட்டி வரைக்கும் ஓடுச்சு, அதுக்கப்புறம்தான் பிரேக்கே புடிச்சது. டிரேல இருந்த தண்ணி பாட்டில் மெதுவா நகர்ந்து வந்து என் கையில முட்டுச்சு, அவ்ளோதான். பக்கத்து சீட் பெரியவர் தேப்லா சாப்பிடறத நிறுத்தவே இல்ல.

கதவு ஆட்டோமேடிக், அதனால எறங்கி வேடிக்கை பாக்க முடியாது, நல்லதுதான். கண்ணாடி வழியா பாத்தா ரெண்டு ஊழியர் ஜல்லி மேல தடுமாறி தடுமாறி நடந்து முன்னாடி போறாங்க, வாக்கி டாக்கில ஏதோ சொல்றாங்க, கொஞ்ச நேரத்துல வண்டி கிளம்பிருச்சு. அகமதாபாத்ல எறங்கி முன்னாடி போய் பாத்தேன். மூக்குல பாதி இல்ல, உள்ள இருக்குற கப்ளர், அதாவது வண்டிய இன்னொரு வண்டியோட மாட்டற கொக்கி, அப்டியே வெளில தெரியுது, ஒடஞ்ச பைபர் ஓரத்துல கறுப்பு முடி கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு. அங்க நின்னு நாலு பேர் செல்பி எடுக்கறாங்க. எனக்கு அதுதான் வயித்த கலக்குச்சு, மோதினப்போ கூட ஒண்ணும் ஆகல.

வில்லிவாக்கம்காரன்:
ப்ரோ அந்த "பிளாஸ்டிக்" விஷயம் மட்டும் சொல்லிக்கிறேன், எங்க ஏரியா பெரம்பூர் ஐசிஎப் ரயில் பெட்டி பேக்டரில பொறந்த வண்டி, ரோஷம் வருது. அந்த மூக்கு எப்ஆர்பி கவர், பைபர் சமாச்சாரம். கப்ளர மூடறதுக்கும் காத்து வெட்டிப் போறதுக்கும் இருக்கு, வண்டியோட பலம் அதுல இல்ல, பின்னாடி இருக்குற ஸ்டீல் பாடிலதான். மோதினா அது ஒடையணும், கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டணும். அக்டோபர் 6 ஒடஞ்ச மூக்க மும்பை டிப்போல ராத்திரியோட ராத்திரியா மாத்தி மறுநாள் வண்டிய அனுப்பிட்டாங்க, அது போய் திரும்பவும் மாட்டுல மோதுச்சுங்கறது வேற கதை.

ரிடையர்டு எல்பி:
தம்பிங்களா, நான் லோகோ பைலட்டா இருந்தவன். எங்க பாஷைல இதுக்கு சிஆர்ஓன்னு பேர், கேட்டில் ரன் ஓவர். வந்தே பாரத் வந்தப்புறம்தான் பேப்பர்ல வருது, எக்ஸ்பிரஸ் கூட்ஸ் எல்லாத்துலயும் காலாகாலமா நடக்கறதுதான்.

எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், முன்னாடியே பாத்து பிரேக் போட வேண்டியதுதானேன்னு. நூத்தி முப்பதுல போனா செகண்டுக்கு 36 மீட்டர். வளைவு முடிஞ்சு 300 மீட்டர்ல மாடு தெரியுதுன்னு வைங்க, எட்டு செகண்ட்தான் கைல இருக்கு. எமர்ஜென்சி போட்டாலும் வண்டி நிக்க கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகும். ஹாரன் ஒண்ணுதான் வழி, விடாம அடிப்போம். நாய் ஒதுங்கிடும். ஆடு ஒண்ணு தாண்டினா பின்னாடியே மொத்த மந்தையும் தாண்டும், அதுதான் கொடுமை. கன்னுக்குட்டி பக்கவாட்டுல எறங்காது, தண்டவாளத்து நடுவுலயே நமக்கு முன்னாடி ஓடும். எருமை இருக்கே, தலைய மட்டும் தூக்கி நேரா நம்மள பாக்கும், அசையாது. அந்த எட்டு செகண்டும் நாம அதோட மொகத்த பாத்துட்டே போகணும். பெட்டில இருக்கறவங்களுக்கு தட்டுனு ஒரு சத்தம், முன்னாடி இருக்கறவனுக்கு அது முழுசா தெரியும்.

அடிச்சப்புறம் மொத கண்ணு பிபி கேஜ்ல, அதாவது பிரேக் பைப்போட காத்து பிரஷர் காட்டற மீட்டர்ல போகும், பிரஷர் எறங்குதான்னு, ஏன்னா உடம்பு ஹோஸ் பைப்ப அத்துட்டுப் போயிருக்கலாம். பிளாஷர் லைட்ட போடணும், எதிர் லைன்ல வர்றவன் பாத்து நிக்கறதுக்கு. அப்புறம் அசிஸ்டண்ட் டார்ச்ச எடுத்துட்டு எறங்குவான். சக்கரத்துக்குள்ள சிக்கியிருந்தா இழுத்துப் போடறதுக்கு வேற ஆள் வராது, நாங்கதான். ராத்திரி நேரம், மழை, அந்த வாடை... கைய சோப்பு போட்டு எவ்ளோ கழுவினாலும் அன்னைக்கு சோறு எறங்காது. டபிள்யூஏபி-7 இன்ஜின் 123 டன், முன்னாடி இரும்பு கேட்டில் கார்டு, அதுல நமக்கு ஒரு தைரியம் இருந்துச்சு. வந்தே பாரத்ல தனி இன்ஜினே கிடையாது, மொத பெட்டிலயே பைலட்.

ரயில் பைத்தியம்:
ஐயா சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒரு பழைய கேஸ் இருக்கு. 1984 ஜூலை 30, ஸ்காட்லாந்துல போல்மன்ட்னு ஒரு இடம், எடின்பரோ - கிளாஸ்கோ வண்டி. இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளுது, முன்னாடி வெறும் பெட்டிதான், அதுல டிரைவர் கேபின். வேலி தாண்டி வந்த ஒரே ஒரு பசு. மொத பெட்டி வெயிட் கம்மி, மாடு சக்கரத்துக்கு அடில போனதும் தூக்கிருச்சு, தடம் புரண்டு 13 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்த மாதிரி பெட்டிங்களுக்கு முன்னாடி, லைன்ல கெடக்கறத ஒதுக்கித் தள்ளற டிப்ளெக்டர் வச்சாங்க. ஜெர்மனில 2008 ஏப்ரல் 26 லாண்ட்ரூக்கன் சுரங்கத்துக்குள்ள ஐசிஇங்கற அதிவேக வண்டி இருநூறுக்கு மேல போயி ஆட்டு மந்தைல மோதுச்சு, புரண்டுச்சு, ஆனா சுவர் ரெண்டு பக்கமும் இருந்ததால சாயல, ஒருத்தரும் சாகல. சும்மா மாடுதானேன்னு பேசறவங்களுக்காக சொல்றேன்.

மதுக்கரை:
எங்க ஊர்ல, கோயமுத்தூர் பக்கம், மாடெல்லாம் சின்ன விஷயம்ங்க. 2021 நவம்பர் 26 நவக்கரை பக்கத்துல மங்களூர் - சென்னை எக்ஸ்பிரஸ்ல அடிபட்டு மூணு யானை ஒரே ராத்திரில செத்துச்சு. 2024ல இருந்து 12 டவர்ல தெர்மல் கேமரா வச்சு, யானை லைன்கிட்ட வந்தா ரயில்வேக்கு மெசேஜ் போகுது, வண்டி ஸ்லோ ஆகுதுங்க. வேலைக்கு ஆகுது, ஒத்துக்கணும்.

பேர் வேணாம்:
நீங்க எல்லாம் உள்ள இருந்து சொல்றீங்க, நான் மாட்டுக்காரன். ஊர் பேர் சொல்ல மாட்டேன், சென்னைலருந்து ரொம்ப தூரம் இல்ல. எங்க ஊர் ரயில்வே கேட்ட மூடிட்டு, லைனுக்கு அடில சப்வே கட்டிக் குடுத்தாங்க, மழை பேஞ்சா அதுல இடுப்பளவு தண்ணி. மேய்ச்சல் காடு லைனுக்கு அந்தாண்ட. மாட்ட தண்ணிக்குள்ள எறக்குனா எறங்குதா? தண்டவாளம் ஏறித்தான் ஓட்டியாறணும். மூணு தாண்டிருச்சு, நாலாவது சினை மாடு, அஞ்சு மாசம், ஏற முடியாம நின்னு நின்னு ஏறுச்சு. ஹாரன் கேட்டுச்சு, கயித்த புடிச்சு இழுத்தேன், எங்கப்பா விட்றா விட்றான்னு கத்துனாரு, விட்டுட்டேன். வண்டி போன காத்துல நானே விழுந்துட்டேன்.

அப்புறம் போலீஸ் வந்து யாரு மாடுன்னு கேட்டாங்க. குஜராத்ல எருமைக்காரங்க மேல ரயில்வே சட்டம் 147ல, அத்துமீறி லைனுக்குள்ள வந்ததுன்னு கேஸ் போட்டாங்கன்னு டிவில பாத்திருந்தோம், அதனால ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல, என் மாடுன்னு நானே சொல்லல. ஜேசிபி வச்சு பொதைச்சாச்சு. பால் சொசைட்டி லோன் இன்னும் ஓடுது.

சூரத்வாசி:
அண்ணே படிக்கவே கஷ்டமா இருக்கு. இங்க இப்ப மும்பை - அகமதாபாத் லைன் முழுக்க ஹைவேல இருக்குற மாதிரி இரும்பு வேலி போட்டுட்டாங்க, 622 கிலோமீட்டர். ஆனா நீங்க சொல்ற சப்வே பிரச்சனைக்கு வேலி என்ன பண்ணும், இன்னும் சுத்தித்தான் போகணும். லோன் போட்டப்போ மாட்டுக்கு இன்சூரன்ஸ் புடிச்சிருப்பாங்களே, கேட்டீங்களா?

பேர் வேணாம்:
புடிச்சாங்க தம்பி. காதுல டேக் போட்டிருந்துச்சு. டேக்கும் டாக்டர் போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட்டும் கேட்டாங்க. அதுக்கு முன்னாடியே பொதைச்சாச்சே.