ஹெபடைட்டிஸ் பி: முகாமில் யாரைத் திருப்பி அனுப்புவது?

கேள்வி (கணவாய்க்காற்று):
அடுத்த மாசம் கொழிஞ்சாம்பாறையில் ரத்ததான முகாம். எங்க பசங்கள்ல நிறையப் பேர் திருவிழாக் கடையில பச்சை குத்தினவங்க. "எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போறாங்க, அப்புறம் எதுக்கு இத்தனை கேள்வி?"ங்கறாங்க. என்ன சொல்றது? டெஸ்ட்ல ரியாக்டிவ்னு (கிருமி இருக்கலாம்னு) வந்தா அந்த ஆள் அடுத்து என்ன செய்யணும்?

பதில் (லேப்மேசை):
ஹெபடைட்டிஸ் பி ரத்தம் வழியாப் பரவுற ஈரல் கிருமி. அது உடம்புல ஏறின பிறகும் ஒரு மாசம் போல, கிருமியோட புரதத்தைத் தேடுற எலைசா டெஸ்ட் நெகட்டிவ்னே காட்டலாம். கிருமியோட மரபணுவையே தேடுற நாட் டெஸ்ட் அதைச் சுமார் மூணு வாரமாக் குறைக்கும், ஆனா அது எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. ஒரு பையைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மான்னு பிரிச்சா மூணு நோயாளிக்குப் போகும். அதனாலதான் கேள்வி.

பச்சை குத்தினா 12 மாசம் தள்ளி வைங்க. ஊசி புதுசுன்னு சொல்லுவாங்க, மைக்கிண்ணத்தைப் பாருங்க. முன்னாடி ஆளுக்குக் குத்தின ஊசி தொட்ட அதே மைதான் அடுத்தவருக்கும். காய்ஞ்ச ரத்தத்துல இந்தக் கிருமி 7 நாளாவது உயிரோட இருக்கும். கேள்வியைத் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. கூட்டாளி பக்கத்துல நின்னா உண்மை வராது.

பதில் (ஊசிமருந்து):
ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டவங்களையும் 14 நாள் நிறுத்தணும். டெஸ்ட் தேடுற அதே புரதம்தான் ஊசியிலும் இருக்கு. சில நாளைக்குப் பொய்யா ரியாக்டிவ் காட்டிடும்.

பதில் (ஈரல்வார்டு):
ரியாக்டிவ்னா ரத்தம் கொடுக்கறதை நிறுத்திட்டு முதல்ல டெஸ்டைத் திரும்பச் செய்யணும். உறுதியானா வாழ்நாள் முழுக்க ரத்தம் கொடுக்கக் கூடாது. அப்புறம் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பு), வைரஸ் டிஎன்ஏ (கிருமி அளவு) டெஸ்ட் எடுக்கணும். 6 மாசம் தாண்டியும் பாசிட்டிவ்னா நாள்பட்ட தொற்று. பெரியவங்களுக்குப் புதுசாத் தொற்றினா நூத்துக்கு 95 பேருக்குத் தானாவே போயிடும். அதனாலதான் காமாலைக்குக் கொடுக்கற கீழாநெல்லிக்குப் பேர் கிடைக்குது. காமாலை இறங்கிடுச்சுன்னு டெஸ்டை விட்டுடாதீங்க. மாத்திரை தேவைப்பட்டா தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

மனைவி, பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுங்க. கிருமியும் இல்லாம, எதிர்ப்பும் இல்லாம இருந்தா 0, 1, 6 மாசக் கணக்குல மூணு ஊசி. ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ் தனி. தட்டு, டம்ளரைப் பிரிச்சு வச்சு அந்த மனுஷனை நோகடிக்க வேண்டாம், அதுல பரவாது.

கணவாய்க்காற்று:
ரொம்ப நன்றிங்க. சின்ன வயசுல காமாலை வந்தது, என்ன வகைன்னு தெரியலன்னு சொன்னா?

லேப்மேசை:
ஹெபடைட்டிஸ் ஏ, இ வகைன்னு ரிப்போர்ட் இருந்தா 12 மாசம் கழிச்சு ரத்தம் எடுக்கலாம். வகை தெரியலன்னா எடுக்கவே கூடாது. அவரை மோர்ப்பந்தலைப் பார்த்துக்கச் சொல்லுங்க, அங்கேயும் ஆள் வேணும்.