தேயிலை வண்டு, காபி வண்டு பூஞ்சைகள்: பரிணாம உறவு ட்ரீ ஒட்டவே மாட்டேங்குது, உதவுங்க

லயத்துப்பையன் (பீர்மேடு):
எம்.எஸ்சி. புராஜெக்ட். வண்டிப்பெரியார் பக்கம் துளைப்பான் வண்டு விழுந்த தேயிலைக் கிளையும், கருகின காபிக் கிளையும் வெட்டிட்டு வந்தேன். தேயிலைக் கிளை ஓட்டை இருக்கிற இடத்துலயே பட்டுனு முறியுது, உள்சுவர்ல பூஞ்சை வெள்ளையா படிஞ்சிருக்கு. வண்டுகளை முழுசா நசுக்கி, பூஞ்சையை பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு ஊட்டக்கூழ்) தட்டுல வளர்த்து, ஐ.டி.எஸ்.ங்கிற டி.என்.ஏ. பகுதியோட சீக்வென்ஸ் எடுத்தேன். பிளாஸ்ட்ல (சீக்வென்ஸை டேட்டாபேஸோட ஒப்பிடுற தேடல்) ரெண்டுக்குமே 'ஃபுசேரியம் சொலானி'ங்கிற பூஞ்சைன்னு வருது. ரஃபேலியா, அம்ப்ரோசியல்லான்னு மத்த வண்டுப் பூஞ்சைகளோட சீக்வென்ஸையும் சேர்த்து ட்ரீ போட்டா பூட்ஸ்ட்ராப் (கிளைகளை எவ்வளவு நம்பலாம்ங்கிற மதிப்பெண்) படு மோசம். வண்டுக்குச் சோறாகுற பூஞ்சை எல்லாம் ஒரே கிளையா வரணும்னு கைடு சொல்றார். எங்க தப்பு?

மைக்கோஅக்கா:
தம்பி, அதுங்க ஒரே கிளையா வரவே வராது. வண்டோட குடித்தனம் பண்ற பழக்கம் பல பூஞ்சைக் குலத்துல தனித்தனியா வந்தது. ரஃபேலியா ஓஃபியோஸ்டோமடேலிஸ் குலம், அம்ப்ரோசியல்லா மைக்ரோஆஸ்கேலிஸ் குலம், உங்க ஃபுசேரியம் ஹைப்போகிரியேலிஸ் குலம். போதாததுக்கு ஃபிளவோடான்னு ஒண்ணு, காளான் பக்கத்துச் சொந்தம். இவ்வளவு தூரத்து உறவுகளை ஐ.டி.எஸ். வச்சு அலைன் பண்ணா (பக்கத்துல பக்கத்துல அடுக்கி ஒப்பிட்டா) பாதி குப்பைதான். பெரிய ட்ரீக்கு 28எஸ்ங்கிற மரபணுவை எடுங்க.

ஃபுசேரியத்துக்குள்ள பிரிக்கவும் ஐ.டி.எஸ். பத்தாது, டெஃப்-1-ஆல்பா, ஆர்.பி.பி.2ங்கிற ரெண்டு மரபணுவும் வேணும். சொலானி கூட்டத்துக்குள்ளயே வண்டுப் பூஞ்சைகளுக்குன்னு ஒரு தனிக்கிளை இருக்கு. பிளாஸ்ட் அதைத்தான் மொத்தமா 'சொலானி'ன்னு காட்டியிருக்கும். தேயிலை வண்டோட பூஞ்சைக்கு இலங்கையில காட் (Gadd), லூஸ் (Loos)னு ரெண்டு ஆய்வாளர்கள் 1947-லயே பேர் வச்சாங்க, இப்போ ஃபுசேரியம் அம்ப்ரோசியம். அதோட ரெஃபரன்ஸ் சீக்வென்ஸைக் கண்டிப்பா சேருங்க.

ஏலத்தோட்டம் (குமுளி):
குறுக்க வர்றேன். வண்டு மரத்தைத் தின்னாம பூஞ்சையைத்தான் தின்னுதுன்னா, பூஞ்சைக்கு மருந்தடிச்சாலே சரியாகிடாதா?

மைக்கோஅக்கா:
கிளைக்குள்ள சுரங்கத்துல இருக்கு அண்ணாச்சி, மேல தெளிக்கிறது அங்க எட்டாது. தனி இழை போடுங்க, பேசலாம்.

துளைக்காரன்:
காபி வண்டு சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ்தானே? முழு வண்டை நசுக்கினா மேல ஒட்டியிருக்கிறதெல்லாம் வளரும். பூஞ்சையைச் சுமக்கிறது பெண் வண்டுதான், அதோட பை முதுகுல, மார்புக் கண்டங்களுக்கு நடுவுல இருக்கு. ஆல்கஹால்ல ஒரு முக்கு, ஸ்டெரைல் தண்ணியில அலசல், அப்புறம் அந்த மார்பை மட்டும் பிச்சு வைங்க. தேயிலை வண்டுக்குப் பை தலையில, வாய்க்கிட்ட. ரெண்டையும் ஒரே மாதிரி அறுத்தா ஒண்ணைக் கோட்டை விட்டுடுவீங்க.

காபி வண்டுல எதிர்பார்க்க வேண்டியது அம்ப்ரோசியல்லா சைலிபோரி. இந்தப் பூஞ்சையில ஐ.டி.எஸ். பெருக்கம் (பி.சி.ஆர்.ல நகலெடுக்கிறது) லேசுல வராது, அதனாலயும் ஃபுசேரியம் முந்தியிருக்கலாம். ஆனா அந்த ஃபுசேரியத்தை வெறும் அழுக்குன்னு தூக்கிப் போடாதீங்க, காபிச் சுரங்கத்துலயும் அது அடிக்கடி கிடைக்கும்.

இன்னொண்ணு, தேயிலை வண்டுன்னு நாம சொல்றது ஒரே மாதிரி தெரியுற நாலு இனம். வண்டுக்கும் சி.ஓ.ஐ. (வண்டு இனத்தை அடையாளம் காட்டுற மரபணு) எடுக்காம எது எந்தப் பூஞ்சையோட வாழுதுன்னு எழுத முடியாது.

லயத்துப்பையன்:
ரொம்ப நன்றி. ஆல்கஹால்ல போட்ட வண்டு மிச்சம் இருக்கு, சி.ஓ.ஐ.க்கு ஆகும். வளர்க்கப் புதுக் கிளை வேணும், கங்காணிகிட்ட கேட்கிறேன். கைடுகிட்ட யார் சொல்றது?

மைக்கோஅக்கா:
நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். 28எஸ் ட்ரீயை பிரிண்ட் எடுத்து மேசையில வைங்க.